டெக் குரூப்ல மொத கேள்வி கேக்கப் போற நம்ம ஊருப் பொம்பளப் புள்ளைகளுக்கு

மதுரைப் பக்கத்து ஆளுங்க அதிகமா இருக்குற ஒரு ப்ரோக்ராமிங் டெலிகிராம் குரூப்ல நானும் ஒரு அட்மின். வாரத்துக்கு நாலஞ்சு காலேஜ் பொண்ணுங்களாவது புதுசா சேருவாங்க, சேந்துட்டாங்கன்னு அந்தச் சின்ன வரி வரும், பேரப் பாத்ததும் எனக்கு அம்புட்டு சந்தோசமா இருக்கும். அதுக்கப்பறம் அந்தப் பேரு திரும்ப வரவே வராது. குரூப்ப விட்டும் போகமாட்டாங்க, பேசவும் மாட்டாங்க. ஆனா எல்லாத்தையும் படிக்கிறாங்க, அது எனக்கு எப்படித் தெரியும்னா நேர்ல எங்கயாவது பாக்குறப்ப "அக்கா, அன்னைக்கு டேட்டாபேஸ் இன்டெக்ஸ் பத்தி நீங்க சொன்னது நல்லாப் புரிஞ்சுச்சு"ன்னு சொல்லுவாங்க. அப்ப அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டுருக்கலாமேம்மான்னு எனக்கு மனசு அடிச்சுக்கும்.

இதக் கூச்சம்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு கெடையாது. கிளாஸ்ல மொத பெஞ்சுல உக்காந்து வாத்தியார மடக்கி மடக்கி கேள்வி கேக்குற புள்ள இங்க வந்து வாயத் தெறக்க மாட்டேங்குதுன்னா இந்த எடத்துலதான் ஏதோ சரியில்ல. நம்ம ஊரு கத மட்டும் இல்ல இது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னு கோடிங் சந்தேகத்துக்கு ஒரு கேள்வி பதில் சைட்டு இருக்கு, அவங்க வருசா வருசம் டெவலப்பர்கள்ட்ட ஒரு சர்வே எடுக்குறாங்க, அதுல பெண்கள் 2015ல 5.8 சதவீதம், 2022ல பாத்தா 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, ஏழு வருசத்துல ஏறவே இல்ல. கோட சேத்து வச்சுப் பகிர்ற கிட்ஹப் சைட்டு 2017ல ஓப்பன் சோர்ஸ் (யாரு வேணாலும் எடுத்துப் பாக்குற, மாத்துற கோட்) ஆளுங்கள்ட்ட எடுத்த சர்வேல ஆண்கள் 95 சதவீதம், பெண்கள் 3 சதவீதம். ஆனா இந்தியால ஐடி வேலைல இருக்குறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல பெண்கள்னு ஐடி கம்பெனிகளோட சங்கமான நாஸ்காமோட கணக்கு சொல்லுது, இஞ்சினியரிங் படிக்கிறவங்கள்லயும் பத்துக்கு மூணு பேரு கிட்ட பொண்ணுங்கதான். அப்ப வேல தெரிஞ்ச ஆளுங்க இல்லாம இல்ல, அந்த ஆளுங்க பேசுற எடத்துல இல்ல, அம்புட்டுதான். பேசுற எடத்துல இல்லைன்னா என்ன போச்சுன்னு கேப்பீங்க. எந்த கம்பெனில ஆள் எடுக்குறாங்கன்னு மொதல்ல அங்கதான் பேச்சு வருது, ரெஃபரல் குடுக்குறவங்க குரூப்ல நல்லாப் பேசுற ஆளுக்குத்தான் குடுக்குறாங்க, நீங்க ரெண்டு நாளா முட்டிக்கிட்டு இருக்குற எரர அங்க ஒருத்தர் ரெண்டு நிமிசத்துல தீத்து வச்சுடுறாரு.

அதனால இத ஒரு வரிசையா எழுதுறேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யணும்னு இல்ல, ஒரு மாசம் எடுத்துக்கங்க.

மொதல்ல எடத்தப் பாருங்க

சேந்த உடனே பேச வேண்டாம், ஒரு வாரம் சும்மா படிங்க, ஆனா ஒரு விசயத்த மட்டும் குறி வச்சுப் படிங்க: புதுசா வந்த ஆளு, ரொம்ப அடிப்படையான ஒண்ணக் கேட்டா அங்க என்ன நடக்குது? மேல ஸ்க்ரோல் பண்ணிப் போயி அந்த மாதிரி ஒரு பத்து கேள்வியப் புடிங்க. பதில் வந்துருக்கா, இல்ல "இது கூடத் தெரியாதா, கூகுள் பண்ணு"ன்னு வந்துருக்கா, அப்படி வந்தப்ப வேற யாராச்சும் "அப்படிப் பேசாதீங்க"ன்னு சொன்னாங்களா. திட்டு வாங்குற குரூப் கூட சில சமயம் பரவாயில்ல, திட்டுனவர யாருமே தட்டிக் கேக்காத குரூப்தான் ஆகாது. பின் பண்ணி வச்ச விதிகள் இருக்கான்னு பாருங்க, அட்மின் லிஸ்ட்ல ஒரு பெண் பேராவது இருக்கான்னு பாருங்க, அந்த அக்கா கடைசியா எப்ப பேசுனாங்கன்னும் பாருங்க. லிஸ்ட்ல பேருக்கு இருந்து ஒரு வருசமா பேச்சே இல்லைன்னா பிரச்சனைன்னு நீங்க போயி நிக்கிறப்ப யாரு வருவா.

ஏற்கனவே ஒரு பொண்ணு பேசிக்கிட்டு இருக்குற எடத்துல நமக்கும் வாய் வெரசா வரும். இது என் மனசு சொல்றது மட்டும் இல்ல, ஸ்டாக் ஓவர்ஃப்ளோல பெண்கள் எப்படிப் பங்கெடுக்குறாங்கன்னு 2017ல வந்த ஒரு ஆய்வுலயும் அதான், கேள்வி பதில்ல இன்னொரு பெண்ணப் பாத்தவங்க, பாக்காதவங்கள விட சீக்கிரமா திரும்பப் பேச வந்துருக்காங்க. அதனால உங்க ஃப்ரெண்டோட சேந்து சேருங்க, ரெண்டு பேரும் ஒரே குரூப்ல இருங்க, ஒருத்தி கேட்டா இன்னொருத்தி "எனக்கும் இதே டவுட்"னு ஒரு வரி போடுங்க. சின்ன விசயம்தான், ஆனா அந்த ரெண்டாவது வரி மொத வரிக்குப் பெரிய துணை.

நம்பரையும் பேரையும் சரி பண்ணுங்க

வாட்சாப் குரூப்னா உங்க நம்பர் குரூப்ல இருக்குற அத்தன பேருக்கும் தெரியும், அதனால தெரியாத ஆளுங்க நெறைய இருக்குற டெக் குரூப் வாட்சாப்ல இருந்தா நான் புதுப் புள்ளைகளச் சேர வேண்டாம்னுதான் சொல்லுவேன். டெலிகிராம்னா செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள போயி ஃபோன் நம்பர்ங்குறதுல "நோபடி"ன்னு வைங்க, அதுக்குக் கீழயே நம்பர வச்சு யாரு உங்களத் தேடலாம்னு இருக்கும், அதுல "மை கான்டாக்ட்ஸ்", குரூப்ல யாரு உங்களச் சேக்கலாம்ங்குறதுலயும் அதே. டிஸ்கார்டுல ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியா டைரக்ட் மெசேஜ நிப்பாட்டி வைக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோல தனி மெசேஜ்னு ஒண்ணு கெடையவே கெடையாது, பயந்தவங்களுக்கு அந்த வகைல அது நல்ல எடம்.

கிட்ஹப்ல ஒரு விசயம் நெறைய பேருக்குத் தெரியாது. நீங்க கமிட் பண்றப்ப, அதாவது கோட்ல செஞ்ச மாத்தத்தப் பதிவு பண்றப்ப, உங்க இமெயில் அட்ரஸும் அதுக்குள்ள போயி உக்காந்துக்கும், பப்ளிக் ப்ராஜெக்ட்னா யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம். செட்டிங்ஸ்ல இமெயில்ஸ்ங்குறதுக்குள்ள போனா அட்ரஸ ப்ரைவேட்டா வைக்கிற ஆப்ஷன் இருக்கு, அத டிக் பண்ணுனா "நோ ரிப்ளை"ன்னு ஒரு அட்ரஸ் குடுப்பாங்க, அத உங்க மெஷின்ல கிட் கான்ஃபிக்ல போட்டுக்கங்க. மொத கமிட்டுக்கு முன்னாடியே செய்யணும், பழைய கமிட்ல போனது போனதுதான்.

சொந்தப் பேர்ல இருக்கணுமா வேணாமான்னு கேக்காத புள்ளையே இல்ல. என் கதையச் சொல்றேன். காலேஜ் கடைசி வருசத்துல ஒரு பெரிய குரூப்ல என் சொந்தப் பேர்ல, போட்டோவோட, ஜாவால நல் பாயின்டர் எக்செப்ஷன் வருதுன்னு ஒரு கேள்வி போட்டேன். கேள்விக்குக் கீழ வந்த மொத மெசேஜ் "நீங்க எந்த ஊரு?". அன்னைக்கு ராத்திரிக்குள்ள இன்பாக்ஸ்ல பதினோரு பேரு "ஹாய்" போட்டுருந்தாங்க, கேள்விக்குப் பதில் ஒண்ணு கூட இல்ல. குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு இனிஷியலையும் அப்பா பேரையும் வச்சு ஒரு அக்கவுண்ட் தொறந்து அதே குரூப்ல அதே கேள்வியப் போட்டேன், பத்து நிமிசத்துல பதில், "ப்ரோ அந்த ஆப்ஜெக்ட இனிஷியலைஸ் பண்ணல பாருங்க"ன்னு. எனக்குப் பதில் கெடச்சுச்சு, அத நெனச்சு அழுகையும் வந்துச்சு. ரெண்டு வருசம் அங்க ப்ரோவாவே இருந்தேன்.

கிட்ஹப்ல பெண்கள் அனுப்புற கோட் எப்படி ஏத்துக்கப்படுதுன்னு ஒரு ஆய்வு 2017ல வெளிவந்துச்சு. மொத்தமாப் பாத்தா பெண்கள் அனுப்புனதுல 78 சதவீதத்துக்கு மேல ஏத்துக்கிட்டாங்க, ஆண்கள் அனுப்புனதுல 74.6. ஆனா ப்ராஜெக்டுக்குப் புதுசா வர்றவங்கள மட்டும் தனியாப் பாத்தா, ப்ரொஃபைல்ல பெண்ணுன்னு தெரியுறப்ப ஏத்துக்குறது கொறஞ்சு போகுது, தெரியாம இருந்தா ஆண்கள விட அதிகமா ஏத்துக்குறாங்க. இதப் படிச்சப்ப எனக்கு என் பதினோரு ஹாய்தான் ஞாபகம் வந்துச்சு. அதனால பேர மறைக்கிற புள்ளையக் கோழைன்னு யாரு சொன்னாலும் நான் ஒத்துக்கமாட்டேன். பாதுகாப்பா இருந்துக்கிட்டு கத்துக்கறது மொதல்ல. ஆனா எல்லாரும் மறைச்சுக்கிட்டா அடுத்து வர்ற புள்ளைக்கு இங்க பெண்ணே இல்லாத மாதிரிதான் தெரியும், அதுவும் உண்மை. என் யோசன இதான்: போட்டோ வேண்டாம், ஊரு காலேஜ் வேண்டாம், பேரு உங்க இஷ்டம், அங்க ஆறு மாசம் பழகுனப்பறம் எடம் நல்லாருக்குன்னு தோணுனா அப்ப சொந்தப் பேருக்கு மாறிக்கங்க.

வீட்டையும் பேசிச் சரி பண்ணுங்க

இத எந்த வழிகாட்டிலயும் எழுத மாட்டாங்க, ஆனா நம்ம பக்கம் இதுதான் பாதிப் பிரச்சன. 2019 முதல் 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல இந்தியா முழுக்க இன்டர்நெட் எப்பவாச்சும் பயன்படுத்துன பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம் இருந்து வர்ற புள்ளைக நெறைய பேருக்கு ஃபோன் தன்னோடதுன்னு பேருதான், அண்ணனும் பாப்பான், அப்பாவும் எடுப்பாரு. ராத்திரி பத்து மணிக்கு முன்னூறு பேரு இருக்குற குரூப்ல இருந்து ஆம்பளைப் பேரா வந்து விழுந்தா "யாருடி இவனுகெல்லாம்"னு கேக்கத்தான் செய்வாங்க. அதுக்குப் பயந்துக்கிட்டே குரூப்ப விட்டுப் போன புள்ளைகள எனக்குத் தெரியும்.

நோட்டிஃபிகேஷன மியூட் பண்ணுங்க, அது மொத வேல. ரெண்டாவது, மறைக்காதீங்க, அம்மாவையோ அப்பாவையோ பக்கத்துல உக்கார வச்சு ஒரு பத்து நிமிசம் குரூப்பக் காட்டுங்க, இந்தா இவரு கேள்வி கேட்டுருக்காரு, இந்தா இவங்க பதில் சொல்லிருக்காங்க, வேலைக்கு ஆள் எடுக்குற விவரம் இந்தா வந்துருக்குன்னு. திருமங்கலத்துல ஒரு புள்ள அவங்க அப்பாட்ட இப்படிக் காட்டுனப்ப அவரு கடைசி மெசேஜ் வரைக்கும் படிச்சுட்டு "சம்பளம் எம்புட்டுன்னு போடலையே"ன்னு கேட்டாராம், அதுக்கப்பறம் அவரு அந்த குரூப்பப் பத்தி வாயே தெறக்கல. எல்லா வீடும் அப்படி இருக்காதுன்னு எனக்கும் தெரியும். முடியாத வீடுன்னா காலேஜ் லேப்ல ப்ரௌசர்ல பாருங்க, பாத்துட்டு மறக்காம லாக் அவுட் பண்ணிருங்க.

மொத கேள்வி

இதுலதான் நான் நேரம் எடுத்துச் சொல்லப் போறேன், ஏன்னா மொத கேள்வியும் அதுக்கு வர்ற மொத பதிலும்தான் ஒரு புள்ள அங்க இருக்கப் போகுதா, சும்மா படிச்சுட்டுப் போகப் போகுதான்னு தீர்மானிக்குது.

போன வருசம் திருநகர்ல எங்க வீட்டுக்கு ஒரு பிசிஏ ரெண்டாம் வருசப் புள்ள லேப்டாப்போட வந்துச்சு. பைத்தான்ல பாண்டாஸ்ங்குற லைப்ரரி இம்போர்ட் ஆக மாட்டேங்குது, நாலு நாளா உக்காந்துருக்கு. குரூப்ல கேளும்மான்னேன். டைப் பண்ணுச்சு, அழிச்சுச்சு, திரும்ப டைப் பண்ணுச்சு. எட்டிப் பாத்தா, "ஹாய் சார், டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி, எனக்கு அவ்வளவா தெரியாது, பைத்தான்ல எரர் வருது, யாராச்சும் ஹெல்ப் பண்ண முடியுமா ப்ளீஸ்". இம்புட்டு வார்த்தைல மன்னிப்பு இருக்கு, மரியாத இருக்கு, என்ன எரர்னு மட்டும் இல்ல. இதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது, "என்ன எரர்"னு ஒருத்தர் கேப்பாரு, இல்ல யாருமே ஒண்ணும் சொல்லமாட்டாங்க, இந்தப் புள்ள தன்ன யாரும் மதிக்கலன்னு நெனச்சுக்கிட்டுப் போயிரும்.

அத அழிச்சுட்டு மூணு விசயம் மட்டும் எழுதச் சொன்னேன்: என்ன செஞ்ச, என்ன வரணும்னு நெனச்ச, என்ன வந்துச்சு. அது எழுதுனது இது: "விண்டோஸ் 11, விஎஸ் கோட். பிப் இன்ஸ்டால் பாண்டாஸ் போட்டா ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்னு வருது. ஆனா ஃபைல ரன் பண்ணுனா நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ்னு வருது. விஎஸ் கோட மூடித் தெறந்து பாத்தேன், திரும்ப இன்ஸ்டால் பண்ணியும் பாத்தேன், மாறல." அம்புட்டுதான். சாரி இல்ல, சார் இல்ல. அனுப்பு பட்டன் மேல வெரல வச்சுக்கிட்டு என்னையப் பாத்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல, அதுவே அமுத்திருச்சு. ஆறு நிமிசத்துல பதில் வந்துச்சு: மெஷின்ல ரெண்டு பைத்தான் இருக்கு, பிப் ஒண்ணுல போயி இன்ஸ்டால் பண்ணுது, விஎஸ் கோட் இன்னொண்ணுல ரன் பண்ணுது, கீழ வலது மூலைல இன்டர்ப்ரிட்டர மாத்துன்னு. மாத்துச்சு, ஓடுச்சு. நாலு நாளு.

உங்களுக்குத் தெரியாதுங்குறத மொத வரில சொல்லாதீங்க, கேள்வி கேக்குறவங்க எல்லாருக்கும் தெரியாதுதான், அதான் கேக்குறாங்க. எரர ஸ்க்ரீன்ஷாட்டா போடுறத விட டெக்ஸ்டா காப்பி பண்ணிப் போடுங்க, படிக்கிறவங்க அப்படியே எடுத்துத் தேடிப் பாப்பாங்க, ஸ்க்ரீன்ஷாட்ல உங்க மத்த டேப், வாட்சாப் மெசேஜ் எல்லாம் சேந்து போயிரும். டெக்ஸ்டா போட்டாலும் ஒரு தடவ படிங்க, விண்டோஸ்ல யூசர் ஃபோல்டர்ல உங்க முழுப் பேரு இருக்கும், அத வேற ஏதாச்சும் வார்த்தையா மாத்திக்கங்க. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எதுவும் உள்ள இல்லைன்னு உறுதி பண்ணிக்கங்க.

இங்கிலீஷ் பயம் வேற. தமிழ் குரூப்னா தமிழ்லயே கேளுங்க, எரர் மெசேஜ் மட்டும் எப்படி வந்துச்சோ அப்படியே. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரி எடத்துல இங்கிலீஷ்ல எழுதித்தான் ஆகணும், ஆனா சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்க, கிராமருக்கு அங்க யாரும் மார்க் போடுறதில்ல, கோட் தெளிவா இருந்தா போதும். அங்க பழக்கவழக்கம் வேற மாதிரி, அத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா மனசு ஒடியாது. நீங்க போட்ட "ஹாய்", "தேங்க்ஸ்" எல்லாத்தையும் வேற யாராச்சும் அழிச்சுட்டுப் போவாங்க, அது அங்க வழக்கம், உங்கள அவமானப்படுத்துறது இல்ல. இதே கேள்வி ஏற்கனவே இருக்குன்னு உங்க கேள்விய மூடிட்டா, பக்கத்துலயே அந்தப் பழைய கேள்விக்கு லிங்க் இருக்கும், அதுல போயிப் படிங்க, பல சமயம் பதில் அங்கயே இருக்கும். ஒண்ணு ரெண்டு மைனஸ் வோட்டு எல்லாருக்கும் விழும். ஆனா உங்களப் பத்தி, பொண்ணுங்களப் பத்தி யாராச்சும் தப்பா எழுதுனா அது வழக்கம் கெடையாது, ஃப்ளாக் பண்ணுங்க, அதாவது அந்த எடத்தப் பாத்துக்குறவங்கள்ட்ட புகார் குடுங்க.

பதில் வந்தப்பறம்

வேல செஞ்சுச்சா இல்லையான்னு திரும்ப வந்து சொல்லுங்க. "இன்டர்ப்ரிட்டர் மாத்துனேன், ஓடிருச்சு, நன்றி"ன்னு ஒரு வரி. அடுத்த வருசம் இதே எரரோட ஒருத்தி தேடி வர்றப்ப அந்த வரிதான் அவளுக்கு உதவும். பதில் சொன்னவரு எரிச்சலாச் சொல்லிருந்தா விசயத்த மட்டும் எடுத்துக்கங்க, எரிச்சலுக்குப் பதில் எழுத வேண்டாம். ஒரு நாள் முழுக்க பதிலே வரலைன்னா அழிச்சுட்டு ஓடிப் போகாதீங்க, அதுக்குள்ள என்னென்ன முயற்சி பண்ணுனீங்கன்னு அதுக்குக் கீழயே ஒரு வரி சேத்துப் போடுங்க, மேல வரும், யாராச்சும் பாப்பாங்க.

அப்பறம், பதில் சொல்ல ஆரம்பிங்க. எல்லாம் தெரிஞ்சப்பறம் சொல்றேன்னு உக்காந்தா அந்த நாள் வரவே வராது. போன வாரம் நீங்க தீத்த எரரோட இந்த வாரம் ஒருத்தர் வருவாரு, உங்களுக்குத்தான் அது இன்னும் சூடு ஆறாம இருக்கும், பத்து வருச அனுபவம் உள்ளவருக்கு அந்த எரர் எப்படி இருக்கும்ங்குறதே மறந்து போயிருக்கும். "எனக்கு இதே வந்துச்சு, இப்படிப் பண்ணுனேன், சரியாச்சு"ன்னா போதும். தப்பா இருந்தா யாராச்சும் திருத்துவாங்க, நீங்களும் ஒண்ணு கத்துக்குவீங்க.

இன்பாக்ஸ்ல வர்ற ஆளுங்க

நல்லவங்களும் வருவாங்க, அதையும் சொல்லிடுறேன். ஆனா டெக் சந்தேகத்துக்குத் தனியா மெசேஜ்ல பதில் சொல்றேன்னு யாரு வந்தாலும் "குரூப்லயே சொல்லுங்கண்ணே, எல்லாருக்கும் உதவும்"னு திருப்பி அனுப்புங்க. உதவி பண்ண வந்தவரு சந்தோசமா அங்க போயிச் சொல்லுவாரு. வேற நெனப்புல வந்தவருக்கு அங்க போக சோலி இருக்காது. எனி டெஸ்க் மாதிரி எதையாச்சும் போட்டு உங்க லேப்டாப்ப நான் பாக்குறேன்னு தெரியாத ஆளு சொன்னா, குடுக்கவே குடுக்காதீங்க.

தொந்தரவுன்னு ஆயிட்டா, மொதல்ல தெளிவா ஒரே ஒரு தடவ எழுத்துல "எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க"ன்னு போடுங்க. இதுக்குக் காரணம் இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதால (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 78வது பிரிவு, ஒரு பெண் விருப்பம் இல்லைன்னு தெளிவாக் காட்டுனப்பறமும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்றதக் குத்தம்னு சொல்லுது, இன்டர்நெட்ல அவங்க என்ன பண்றாங்கன்னு கண்காணிக்கிறதும் அதுக்குள்ள வருது, மொத தடவைக்கே மூணு வருசம் வரைக்கும் ஜெயில். நீங்க வேண்டாம்னு சொன்னது எழுத்துல இருந்தா உங்க கை ஓங்கி இருக்கும்.

அடுத்தது உடனே ஸ்க்ரீன்ஷாட். டெலிகிராம்ல அனுப்புனவரு ரெண்டு பக்கத்துல இருந்தும் மெசேஜ அழிச்சுட முடியும், நாளைக்கு எடுத்துக்கலாம்னு நெனச்சா நாளைக்கு அங்க ஒண்ணுமே இருக்காது. ப்ரொஃபைலத் தெறந்து யூசர்நேம், தேதி, நேரம் தெரியுற மாதிரி எடுங்க, மேல தெரியுற பேர யாரு வேணாலும் எப்ப வேணாலும் மாத்திக்கலாம். எடுத்தப்பறம் பிளாக் பண்ணுங்க, அப்பறம் அட்மின்ட்ட அந்தப் படங்களோட சொல்லுங்க. "குரூப்புக்கு வெளிய நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது"ன்னு அட்மின் சொன்னா, அந்த ஆளுக்கு உங்க பேரு கெடச்சதே அந்த குரூப்லதான்னு சொல்லுங்க, அப்பயும் ஒண்ணும் செய்யலைன்னா அந்த எடம் உங்களுக்குத் தேவையில்ல.

போட்டோவ வச்சு மெரட்டுறது, மார்ஃபிங் அப்படின்னு போனா தாமதிக்கவே கூடாது. சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கு, பேரச் சொல்லாமயே புகார் குடுக்கவும் வழி இருக்கு. 181 பெண்கள் உதவி எண். பணம் போயிருந்தா 1930க்கு உடனே அடிங்க. நீங்க ஒண்ணும் தப்பு செய்யல, வீட்டுல வையுவாங்கன்னு பயந்து மெரட்டுறவன் சொன்னதச் செய்யாதீங்க, ஒரு அக்காட்டயோ டீச்சர்ட்டயோ அன்னைக்கே சொல்லிருங்க.

பொண்ணுங்க மட்டும் இருக்குற எடங்கள்

இது புதுசு இல்ல. லினக்ஸ்சிக்ஸ்னு லினக்ஸ் பழகுற பெண்களுக்கு 90கள் முடியுறப்பவே ஒரு கூட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல விதி ரெண்டே ரெண்டு: மரியாதையா இரு, உதவியா இரு. அதே மாதிரி டெபியன் விமன் 2004ல, பைத்தான் பழகுற பெண்களுக்குப் பைலேடீஸ் 2011ல, ஜாங்கோ கேர்ள்ஸ் 2014ல ஆரம்பிச்சாங்க. அவுட்ரீச்சின்னு ஒண்ணு இருக்கு, அது பெண்களுக்கு மட்டும்னு இல்ல, ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல மூணு மாசம் வீட்டுல இருந்தே வேல, சம்பளத்தோட, வழிகாட்ட ஆளும் குடுப்பாங்க, மதுரைல இருந்துக்கிட்டே விண்ணப்பிக்கலாம். உங்க காலேஜ்ல இருந்தே ஒரு பத்துப் புள்ளைக சேந்து சின்ன குரூப் ஆரம்பிச்சாலும் நல்லதுதான். அங்க கேள்விய எழுதிப் பழகுங்க, ஒருத்தி எழுதுனத இன்னொருத்தி படிச்சுத் திருத்தட்டும், ஆனா அதே கேள்விய அப்பறம் பெரிய குரூப்லயும் கொண்டு போயிப் போடுங்க. வேலையும் ரெஃபரலும் அங்கதான் இருக்கு, அத விட்டுக் குடுக்க வேண்டியதில்ல.

குரூப் நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்

புதுப் புள்ளைக மட்டும் மாறுனா போதாது, அதனால உங்கள்ட்டயும் சொல்றேன். "ஹாய் கைஸ்", "ப்ரோ", "மச்சி"ன்னே எல்லாரையும் கூப்புடாதீங்க, "நண்பர்களே", "எல்லாருக்கும் வணக்கம்"னா ஒண்ணும் கொறஞ்சு போகாது. பொண்டாட்டி ஜோக், "பொண்ணுங்க கோட் அடிச்சா" மீம், இதுக்கெல்லாம் சிரிப்பு எமோஜி போடுறவரு அட்மினா இருந்தா மத்தவங்க என்ன பண்ணுவாங்க. விதிகள எழுதி பின் பண்ணுங்க, ஒண்ணும் இல்லைன்னா கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்னு 2014ல இருந்து இருக்குற ஒரு பொது விதித் தொகுப்பு இருக்கு, ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட்ல வச்சுருக்காங்க, அதத் தமிழ்ல உங்க பாசைல சுருக்கிப் போடுங்க. மீறுனா யார்ட்ட சொல்லணும்னு ஒரு பேரையும் போடுங்க, அந்தப் பேரு இல்லாத விதி சும்மாதான்.

மேடைக்குப் பெண்களக் கூப்புடுறப்ப "பொதுவா அறிவிச்சோம், யாரும் வரல"ன்னு சொல்றாங்க. வட அமெரிக்கால நடக்குற பைக்கான்ங்குற பைத்தான் மாநாட்டுல 2011ல பேசுனவங்கள்ல பெண்கள் 1 சதவீதம், 2014ல மூணுல ஒரு பங்கு. நடுவுல அவங்க முக்கியமா செஞ்சது, ஒவ்வொரு பெண்ணாத் தேடிப் போயி, நீங்க இதப் பத்திப் பேசுங்கன்னு கேட்டாங்க, தலைப்பு எழுத ஒத்தாச பண்ணுனாங்க. பொதுவா அறிவிச்சா நம்ம புள்ளைக "எனக்கு அம்புட்டு தெரியாது"ன்னு ஒதுங்கிரும், பேரச் சொல்லிக் கேட்டா யோசிக்கும். அதே நேரம் இருக்குற ஒரே ஒரு அக்காவ வரவேற்புக்கும் தொகுத்து வழங்கவும் மட்டும் வச்சுக்காதீங்க, அவங்களும் கோட் பத்திப் பேசத்தான் வந்தாங்க.

நேர்ல கூடுற மீட்டப்னா நேரத்தப் பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வச்சா மேலூர்ப் புள்ள எப்படி வரும், முடிஞ்சு மாட்டுத்தாவணி போயி பஸ் ஏறி வீடு சேர ஒம்போது ஆயிரும், அனுப்பமாட்டாங்க. காலைல பத்தரைக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடிங்க. எடமும் முக்கியம். 2023 ஜூலைல புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் தெறந்ததுல இருந்து, "நூலகத்துக்குப் போறேம்மா"ன்னு சொல்லிட்டு வர்ற புள்ளைகள நான் பாக்குறேன், அதே மீட்டப் காபி ஷாப்ல வச்சப்ப பாதிப் பேரு வரல.

கடைசியா ஒரு வேல, மாசத்துக்கு ஒரு தடவ செஞ்சா போதும், அர மணி நேரம் ஆகும். உறுப்பினர் எண்ணிக்கையப் பாக்காதீங்க. அந்த மாசத்துல பெண்கள் போட்ட கேள்விகள மட்டும் தேடி எடுங்க, அதுல எத்தனைக்குப் பதில் போயிருக்கு, மொத பதில்ல என்ன எழுதிருக்கு, கேட்ட புள்ள அதுக்கப்பறம் திரும்ப ஒரு மெசேஜ் போட்டுச்சான்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. பதிலே இல்லாமக் கெடக்குற கேள்வி எதாச்சும் கண்ணுல பட்டா, நோட்ட மூடி வச்சுட்டு மொதல்ல அதுக்குப் பதில் எழுதுங்க. மூணு வாரம் பழசா இருந்தாலும் பரவாயில்ல, "லேட்டாயிருச்சு தங்கச்சி, இன்னும் தீரலைன்னா சொல்லு, பாப்போம்"னு எழுதுங்க.